கையுறை போடாத கடைசல்காரர்

செவ்வாய்க்கிழமை, நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பேராச்சி அக்காவிடமிருந்து போன் வந்தது. நான் மும்பை விக்ரோலியில் ஆபீஸில் இருந்தேன். வெளியே ஆகஸ்ட் மழை. அக்கா வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. எதுவானாலும் எட்டு மணிக்கு மேல்தான். எடுத்ததும், "ஏல செல்வா, அத்தான் ஏந்திரிக்க மாட்டேங்காவ," என்றாள். தூங்குகிறாரா என்று கேட்டேன். "பெஞ்சுல தலைய வெச்சுக் கெடக்காவ. டீ ஆறிட்டுல," என்றாள். அழவில்லை. டீ ஆறிவிட்டதைத்தான் மறுபடியும் சொன்னாள்.

விக்ரோலியிலிருந்து சயான் நாலாவது ஸ்டேஷன். அன்றைக்கு மழையில் வண்டி குர்லாவுக்கு வெளியே பதினெட்டு நிமிஷம் நின்றது. நான் தாராவிக்குப் போய்ச் சேர்ந்தபோது தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். இதயம் நின்றிருக்கிறது, ஓரிரு நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்றாராம். நான் அவருடைய கிளினிக்குக்குப் போய், இரண்டரை வருஷமாக அத்தான் தின்றுவந்த ஒவ்வாமை மாத்திரை அட்டைகளைக் காட்டி, இதனால் இருக்குமா என்று கேட்டேன். இல்லை என்றார். மறுநாளும் போய் அதையே கேட்டேன். அவரும் அதையே சொன்னார். நான் ஏன் இரண்டாவது தடவை போனேன் என்பது அவருக்குத் தெரியாது.

அத்தானின் பெயர் பூலோகம். அக்காவைக் கட்டியவர். பத்தொன்பது வயதில் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, சலாவுதீன் பாயின் கார்கானாவில், இரும்பு கடையும் பட்டறையில், லேத் மிஷின் முன்னால் போய் நின்றார். முப்பத்திரண்டு வருஷம் அங்கேயே நின்றார். பம்புக்கும் தையல் மிஷினுக்கும் வேண்டிய புஷ், பின், காலர் எல்லாம் அங்கே கடைவார்கள். கூட வேலை பார்த்த வடநாட்டுப் பையாக்கள் அவரைப் புலோக் பாய் என்பார்கள். அவர் திருத்தியதில்லை. நான் மாட்டுங்காவில் இன்ஜினியரிங் படித்த நாலு வருஷமும் அவர் வீட்டுப் பரணில்தான் படுத்தேன். காலையில் இறங்கும்போது அவர் தலையை மிதித்துவிடாமல் இறங்க வேண்டும். ஒருநாள் மிதித்துவிட்டேன். "மாப்ள, படிச்சு முடிச்சதும் தோள்ல ஏறு, இப்பமே தலையில ஏறாத," என்றார்.

லேத்தில் நிற்கிறவன் கையில் எதுவும் இருக்கக் கூடாது என்பது அவருடைய மதம். கல்யாணம் ஆன மூன்றாம் நாள் மோதிரத்தைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தவர் பிறகு போடவே இல்லை. அக்கா முதல் வருஷம் முழுக்க அதற்காகச் சண்டை போட்டாள். வாட்ச் கிடையாது, கையில் கயிறு கிடையாது. கையுறை என்ற பேச்சே ஆகாது. அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், பக்கத்து லேத்தில் நின்ற பிரம்மநாயகம் என்பவர், சீவி விழும் இரும்புச் சுருள் சுடுகிறது என்று பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டார். கையுறையின் நூல் ஒன்று, இரும்பைக் கவ்விக்கொண்டு சுற்றுகிற சக்கில் சிக்கியது. நூலுக்குப் பின்னால் கையும் போனது. மூன்று விரல்கள். ஓடிப்போய் மிஷினை நிறுத்தியவர் அத்தான். தரையில் கிடந்ததைப் பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடியவரும் அவரே. அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறார்.

ரயில் வந்தது 2018இல். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஒரு வயதான அம்மாள் கார்கானாவைத் தேடிக்கொண்டு வந்தார். அபயாம்பாள் என்று பெயர். பேங்கில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மாத்திரை டப்பா ஒன்றைத் திறந்து, பஞ்சுக்குள்ளிருந்து சட்டைப் பொத்தான் அளவுச் சக்கரம் ஒன்றை எடுத்து, இதைப்போல ஒன்று கடைந்து தர முடியுமோ என்று கேட்டார். அத்தான் அதைக் கடிகாரச் சாமான் என்று நினைத்துவிட்டார். கடிகாரக்காரன் சயான் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிறான் என்றார்.

"கடிகாரமில்லே. ரயில் எஞ்சின் சக்கரம். எங்காத்துல ஓடறது."

கார்கானாவே திரும்பிப் பார்த்துச் சிரித்தது என்று அத்தான் சொல்வார். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சாப்பிடவில்லை. சக்கரத்தைக் கடைந்து முடித்தார். பதினோரு மில்லிமீட்டர் விட்டம், விளிம்பில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்ளும் மெல்லிய மடிப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாளின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். சாப்பாட்டு மேசையைவிடப் பெரிய பலகையில் தண்டவாளம், சுரங்கம், ஸ்டேஷன் எல்லாம் இருந்தன. எஞ்சின் அவருடைய சக்கரத்தோடு ஒரு சுற்று சுற்றி வந்தது. அன்று மாலை நேராக என்னிடம் வந்தார்.

"முப்பது வருஷமா நான் கடைஞ்சதெல்லாம் எதுக்குள்ளயாவது போயி மறைஞ்சிரும் மாப்ள. இது ஓடுது. நான் பாத்தேன்."

எண்பத்தேழில் ஒரு பங்கு அளவில் ரயில் செய்து ஓட்டுகிறவர்கள் இந்தியாவெங்கும் இருக்கிறார்கள் என்பது அதன்பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அபயாம்பாள் மாமி சொல்லிச் சொல்லி, சக்கரமும் அச்சும் கேட்டு ஆட்கள் வந்தார்கள். 2021இல் சலாவுதீன் பாய் கார்கானாவை வசாய்க்கு மாற்றினார். அங்கே வந்து மேஸ்திரியாக இரு என்று அத்தானைக் கூப்பிட்டார். "கையக் கெட்டிக்கிட்டு நிக்க வேலைக்கு என்னைக் கூப்பிடாதீங்க பாய்," என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் வைக்கிற மாதிரிச் சின்ன லேத் ஒன்றைப் பழையதாக வாங்கி, வீட்டு மாடி அறையில் ஏற்றினார். இரும்பு ஏணி வழியாக அது ஏறாததால், கயிறு கட்டி ஜன்னல் வழியாக இழுத்தோம். பன்னிரண்டடிக்குப் பத்தடி அறை. பாதி இடம் கட்டிலுக்கு, பாதி லேத்துக்கு.

அந்த வேலையில் அவரை உறுத்திய விஷயம் ஒன்று இருந்தது. நம் ஊர் ரயில் பாதை வெளிநாட்டுப் பாதையைவிட அகலம். ஆனால் கடையில் கிடைக்கும் பொம்மைத் தண்டவாளம் வெளிநாட்டு அளவில் வருவது. அதனால் நம் வண்டிகளைச் செய்கிறவர்கள் உடம்பை நம் அளவிலும் சக்கரத்தை அவர்கள் அளவிலும் வைத்து ஓட்டுகிறார்கள். வித்தியாசம் இரண்டே முக்கால் மில்லிமீட்டர். யாரும் கவனிப்பதில்லை. அத்தானுக்கு அது பொறுக்கவில்லை. "புலிக்குப் பூனைக்காலு வெச்ச மாதிரி இருக்கு," என்பார். கேட்கிறவர்களுக்குக் கேட்டபடி செய்து கொடுத்தார். தனக்கென்று ஒரு வண்டி, சரியான அகலத்தில், தண்டவாளம் உட்படத் தானே செய்வது என்று தீர்மானித்தார். எல்லாரும் ராஜ்தானி கேட்கிறார்கள், நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். லோக்கல் என்றார், இந்த ஊர் மின்சார வண்டி. ஒன்பது பெட்டி, பழைய மஞ்சள் பழுப்பு நிறம்.

"ஊருக்குப் போற வண்டி வருசத்துக்கு ஒருக்கா. இது தெனமும்லா."

ஒன்பது பெட்டிக்கு எழுபத்திரண்டு சக்கரம். எழுபத்திரண்டையும் அவர் ஐந்து மாதத்தில் கடைந்து முடித்தார். சக்கரங்களைத் தாங்கும் சட்டம்தான் அவரைத் தடுத்தது. பெட்டிக்கு இரண்டு சட்டம். வில், அச்சுப்பெட்டி, பிரேக் கட்டை என்று ஒவ்வொன்றிலும் ஏகப்பட்ட நுணுக்கம். பித்தளையில் அறுத்துப் பற்றவைத்து ஒரு சட்டம் முடிக்க ஒன்பது நாள் ஆனது.

அங்கேதான் நான் நுழைந்தேன். 2022 பிப்ரவரியில் ரெசின் பிரிண்டர் ஒன்று வாங்கினேன். சட்டத்தை ஆபீஸ் கம்ப்யூட்டரில் மூன்று பரிமாணத்தில் வரைந்து, கோப்பை அந்த மிஷினில் கொடுத்தால், தட்டில் இருக்கும் பிசுபிசுப்பான ரெசின் திரவத்தை வெளிச்சத்தால் அடுக்கடுக்காக உறையவைத்து உருவத்தை எழுப்பும். மாடி அறையில், லேத்துக்கு மூன்றடி தள்ளி வைத்தோம். முதல் நாள் நாலு மணி நேரத்தில் பன்னிரண்டு சட்டங்கள் ஒன்றாக எழுந்து வந்தன. அத்தான் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது வேலை இல்ல மாப்ள. இட்லி அவிக்கே நீ," என்றார். ஆனால் ஒரு சட்டத்தைக் கையில் வாங்கி அச்சுப்பெட்டியின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள், சட்னியும் பிரிண்ட் பண்ணச் சொல்லுங்க என்றாள்.

அச்சாகி வரும் துண்டின் மேல் உறையாத ரெசின் ஒட்டியிருக்கும். அதை ஆல்கஹாலில் அலசி, தாங்கு குச்சிகளை ஒடித்து, தகரக் கூரையில் வெயிலில் வைக்க வேண்டும். பிரிண்டரை நான் ஓட்டினேன். அலசுவதும் ஒடிப்பதும் அவர் பொறுப்பு. அந்தத் திரவம் தோலில் படக் கூடாது என்று பாட்டிலிலேயே போட்டிருந்தது. நான் நீலக் கையுறை ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனேன். அவர் வெறுங்கையை ஆல்கஹாலில் விட்டுக்கொண்டிருந்தார்.

"இது சுத்துற மிஷின் இல்லையே அத்தான். கையுறை போட்டா என்ன?" என்றேன்.

"சுத்தாது. சரி. அந்தா மூணடியில சுத்துறது நிக்குல்லா? இதுல போட்டுக்கிட்டே இருந்தேன்னு வெய்யி. ஒருநாள் கழட்ட மறந்து அங்கன போயி நிப்பேன். பழக்கம் கெட்டுப்போச்சுன்னா கை போச்சு."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அந்தச் சின்ன அறையில் அவர் ஒரு மணி நேரத்தில் இருபது தடவை இங்கும் அங்கும் திரும்புவார். அது சரியாக இருந்ததனாலேயே நான் விட்டுவிட்டேன். கையுறைப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பிரிண்டரை அன்றைக்கே என் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கலாம். கோபர்கைரனேயில் எனக்கு ஒரு பால்கனி சும்மாதான் கிடந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறையில் உட்காருவது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று பெட்டிகள் முடிந்தன. சட்டத்தில் சக்கரத்தைப் பொருத்துவது அவருக்கு மட்டுமே உரியது. அச்சின் இரண்டு முனையும் ஊசிபோல் கூராக இருக்கும். சட்டத்தை லேசாக விரித்து, ஒரு முனையைக் குழியில் வைத்து, மறுமுனையை விட்டால் 'டிக்' என்று உட்காரும். பிறகு சக்கரத்தை ஊதுவார். அது எத்தனை நேரம் சுற்றுகிறது என்று வாய்க்குள் எண்ணுவார். முப்பதுக்குக் குறைந்தால் கழற்றி மறுபடியும் சீவுவார்.

நவம்பரில் விரலிடுக்குகளில் அரிப்பு வந்திருக்கிறது. புது சோப்பு என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். நான் போகும் நாட்களில் மட்டும் கையைத் துண்டில் துடைக்கிற பாவனையில் மறைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்குத் தெரிந்தது ஜனவரியில், கண் இமைகள் வீங்கி மூடிய பிறகு. கை இரண்டும் வெடித்து நீர் கசிந்தது. பித்தளைத் துண்டைப் பிடிக்க முடியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அக்காதான் சொன்னாள்: "மாப்ள ஆசையா வாங்கிட்டு வந்தாம்லா, அவன்ட்ட போயி எப்படிச் சொல்லன்னு கேக்காவ."

தோல் டாக்டர் முதுகில் சின்னச் சின்னப் பட்டைகள் ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்த்தார். ரெசின் ஒவ்வாமை என்றார். நாள்பட வெறுந்தோலில் பட்டுப்பட்டு வந்தது. உடம்பு ஒருமுறை அதை எதிரியாகக் குறித்துக்கொண்டால் பிறகு மறக்காது. ஆயுசுக்கும் தொடக் கூடாது. அதன் வாடை உள்ள அறையில் இருக்கக் கூடாது. உறைந்த ரெசினில் துளை போட்டால் பறக்கும் தூள்கூட ஆகாது. அத்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டார். லேத் ஓட்டலாமா? ஓட்டலாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும், "போதும்லா, அப்புறம் என்ன," என்று என் தோளைத் தட்டினார். தட்டிய கையில் கட்டுப் போட்டிருந்தது.

பிரிண்டரையும் முடிந்த மூன்று பெட்டிகளையும் மிச்சச் சக்கரங்களையும் கோபர்கைரனேக்கு எடுத்துப் போனேன். அக்கா அறையை மூன்று தடவை கழுவினாள். இரண்டு மாதத்தில் கை தேறியது. அவர் கடைய, நான் அச்செடுக்க என்று வெளியார் வேலைகள் நடந்தன. சக்கரங்கள் டப்பாவில் என்னிடம் வரும். நான் சட்டத்தில் பொருத்தி ஆட்களுக்கு அனுப்பினேன். அவர் கடைந்த எதையும் அது போய் உட்காரும் இடத்தில் வைத்துப் பார்க்க அவரால் முடியாமல் போனது. பம்புக்கு புஷ் கடைந்த நாட்கள் மாதிரியே ஆகிவிட்டது. இதை நான் அப்போது இப்படி யோசிக்கவில்லை. அவருடைய லோக்கல் மூன்று பெட்டியோடு நிற்கிறதே என்றுதான் யோசித்தேன்.

அந்த வருஷத் தீபாவளிக்குள் அதை நான் முடித்தேன். எட்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன். மிச்சம் ஆறு பெட்டியின் சட்டங்கள், கூரைகள், எல்லாவற்றையும் அச்செடுத்து, அவர் கடைந்து வைத்திருந்த சக்கரங்களையே பொருத்தி, வர்ணம் அடித்து, வாடை துளியும் வராதபடி மேலே பூச்சு அடித்தேன். அவர் சொன்ன அகலத்தில் தண்டவாளமும் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. தீபாவளியன்று காலையில் அட்டைப்பெட்டியோடு போய், மாடி அறையின் தரையில் வட்டமாகத் தண்டவாளத்தைப் பரப்பி, ஒன்பது பெட்டியையும் கோத்து ஓடவிட்டேன்.

அத்தான் கட்டிலின் மறுகோடியில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். கிட்டே வர அவருக்குப் பயம். வண்டி ஐந்து சுற்று வந்தது. ஒரு தடவைகூடத் தடம் புரளவில்லை.

"சக்கரம் யாரு போட்டது?" என்று கேட்டார்.

"நீங்க கடைஞ்ச சக்கரம்தான் அத்தான். எல்லாம் முப்பதுக்கு மேல சுத்துது, எண்ணிப் பாத்துட்டேன்."

"கடைஞ்சது நாந்தான். போட்டது யாருன்னு கேட்டேன்."

நான்தான் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "நல்லா ஓடுது மாப்ள. எடுத்து வெச்சிரு," என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்கிப் போனார். கீழே யாருடனோ பட்டாசு விலையைப் பற்றிப் பேசுவது கேட்டது. நான் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அக்கா முறுக்குத் தட்டோடு வந்தாள். அறையையும் என்னையும் பார்த்தாள்.

"அத்தானுக்குப் பேசி வெச்ச பொண்ணுக்கு நீயே தாலியக் கெட்டிக் கூட்டிட்டு வந்து, பாருங்கன்னு நிக்கியேல," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. குர்லாவில் இறங்கி வண்டி மாறும்போதுதான் உறைத்தது.

அந்த வண்டியை அவர் மறுபடி கேட்கவே இல்லை. நானும் வேண்டுமா என்று கேட்கவில்லை. அது என் அலமாரியில்தான் இருக்கிறது. பொங்கல் கழித்து நான் போனபோது லேத் பெஞ்சின் மேல் பித்தளைத் தகடு ஒன்று விரித்திருந்தது. மேலே கோடுகள் கீறியிருந்தன. என்ன இது என்று கேட்டேன்.

"ஒரு பெட்டி. ஒரே ஒரு பெட்டி. இட்லி கிடையாது. முழுக்க நானே."

டிரைவர் உட்காரும் முதல் பெட்டி. ஒரு சாண் நீளம். ரெசின் கலப்பே இல்லாமல், கூரையிலிருந்து சக்கரச் சட்டம் வரை எல்லாம் பித்தளை, எல்லாம் அவர் கை. ஒன்பது பெட்டி ஒன்றாகச் சுருங்கிவிட்டது என்று எனக்குப் பட்டது. அவருக்கு அப்படிப் படவில்லை. அந்த ஒன்றை முடித்துவிட வேண்டும், வேறு யாரும் கை வைக்கக் கூடாது. அந்த ஒன்றரை வருஷமும் அவருக்கு இருந்த நினைப்பு அதுதான். வெளி வேலைகளை மத்தியானத்தோடு முடித்துவிடுவார். மூன்று மணிக்கு மேல் பெட்டி.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஜன்னல் கம்பிகளைத் தலைமுடி கனத்துக் கம்பியில் ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். உள்ளே நின்றுகொண்டு வருகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் தொங்கல் கைப்பிடிகளைக்கூட வைத்தார். கூரையை மூடினால் யாருக்கும் தெரியாது என்றேன். "தெரியாட்டி? பிடிக்காம நின்னா விழுந்துரமாட்டான்?" என்றார். ஒருநாள் இடுக்கியால் அச்சை எடுத்து நீட்டச் சொன்னார். நான் எழுந்து அருகில் போனதும் அவராகவே எட்டி எடுத்துக்கொண்டார். அதன்பிறகு நான் கட்டிலை விட்டு எழுந்ததில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர் சக்கரத்தை ஊதி எண்ணும்போது நானும் மனதுக்குள் எண்ணுவேன். முதல் சட்டத்தில் முதல் அச்சு நாற்பத்தொன்று வரை சுற்றியது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார், நான் எத்தனை எண்ணினேன் என்று கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். "அப்பம் சரிதான்," என்றார். அடுத்த அச்சை எடுத்தார்.

ஜூலைக் கடைசியில் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. உடம்பு தனி, அடித்தளம் தனி. சட்டங்கள் அடித்தளத்தில் மாட்டியாயிற்று. வர்ணம் காய்ந்தாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல். அதற்கடுத்ததில் மழைக்குத் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி வண்டி ஓடவில்லை. இரண்டு வாரம் போகவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு அக்கா டீ போடக் கீழே இறங்கியிருக்கிறாள். லேத் ஓடவில்லை. கை வேலைதான், சத்தமே இல்லை. அதனால் சத்தம் நின்றதும் அவளுக்குத் தெரியவில்லை.

அக்காவின் மகள் கீதா புனேயிலிருந்து வந்து சேர ராத்திரி ஆகிவிட்டது. மறுநாள் காலையில் எடுத்தோம். குளிப்பாட்டும்போது, உடம்பில் பொன் இருந்தால் கழற்றிவிடுங்கள் என்று ஒரு பெரியவர் சொன்னார். கழற்ற ஒன்றுமில்லை என்றாள் அக்கா. அப்போதுதான் முதல் தடவையாக உடைந்து அழுதாள். கைகளை நான் துடைத்தேன். வெடிப்பு எல்லாம் ஆறி, உள்ளங்கைத் தோல் புதிதாக இருந்தது. வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பித்தளைத் தூள் ஒட்டியிருந்தது. துடைத்தும் முழுசாகப் போகவில்லை. வசாயிலிருந்து சலாவுதீன் பாய் வந்திருந்தார். சயான் சுடுகாடு வரைக்கும் தோள் மாற்றிக்கொள்ளவே இல்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அபயாம்பாள் மாமி வந்தார். இரும்பு ஏணியில் ஏற முடியாமல் கீழேயே உட்கார்ந்துகொண்டு, அந்தப் பெட்டி என்னாச்சு என்று கேட்டார். இன்னும் என்ன பாக்கி என்று நான் சொன்னதும், அது ஒரு மணி நேர வேலைதானேடா, நீயே முடித்துவிடலாமே என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். முடித்தால் தன் வீட்டுப் பலகையில் அந்த அகலத்துக்கு ஒரு பாதை போட்டு ஓடவிடுகிறேன் என்றும் சொன்னார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா வாழையிலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ என்னல சொல்லுத?" என்றாள்.

"நான் தொடல அக்கா," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். மாமிக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றினாள்.

சாப்பிட்டவர்கள் போன பிறகு மாடிக்குப் போய், கூரை ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு, பெஞ்சைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடினேன். பெட்டியின் உடம்பு ஒரு பக்கம் இருக்கிறது. அடித்தளம் சின்னக் கவ்வியில் பிடித்தபடி இருக்கிறது. எட்டுச் சக்கரமும் பொருத்தியாயிற்று. உடம்பையும் அடித்தளத்தையும் சேர்க்க நாலு திருகாணிகள், அதற்கு நாலு துளைகள். துளைக்குள் மரை வெட்டும் கருவியை, டேப் என்பார்கள், கையால் மெல்லத் திருகி இறக்க வேண்டும். மூன்று துளைகளில் மரை வெட்டியிருக்கிறது. நாலாவதில் டேப் இரண்டரைச் சுற்று இறங்கி நிற்கிறது. இன்னும் ஐந்து சுற்று இருக்கிறது.